முப்பத்தொன்று அக்காவின் முழங்கால் வலி

பெண்கள் ஓய்வறையில் இரும்பு அலமாரிகளுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழைந்து நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அங்கே சுவரைப் பார்த்தபடி நான் நின்றிருப்பேன். என் வலது தோளின் மேல் ஓர் உள்ளங்கை வட்டமிட்டுக்கொண்டிருக்கும். முதலில் அது குளிர்ச்சியாக இருக்கும், பிறகு இளஞ்சூடாகும், சற்று நேரத்தில், அடுப்பருகே தோளைக் கொண்டுபோய் வைத்தது போல ஒரு காந்தல் பரவும். அந்தக் காந்தலுக்கு அடியில், விடியற்காலையிலிருந்து மூட்டுக்குள் அரைத்துக்கொண்டிருந்த வலி கொஞ்சம் அடங்கும். களிம்புக் குழாயின் அடிப்பகுதியை அக்கா கொண்டையூசியால் அழுத்திச் சுருட்டி, மிச்சமிருப்பதை வாய்ப்பக்கம் கொண்டுவருவாள். "மூச்ச புடிச்சிகினு நிக்காத. தோள தொங்க வுடு" என்பாள். எழுபதுகளின் தொடக்கத்தில், சென்னையின் நடுப்பகுதியில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுத்த ஒரு டிரங்க் தொலைபேசி நிலையத்தில், சில வாரங்கள் நான் இப்படித்தான் வேலைக்குப் போய் அமர்ந்தேன்.

அந்தக் காலத்துக் களிம்புகளை அறியாதவர்களுக்கு அவற்றின் வாடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூட்டுக்கும் தசைக்கும் இன்று கிடைக்கும் கண்ணாடி போன்ற ஜெல்கள் அப்போது இல்லை. குழாயிலோ புட்டியிலோ வந்தவையெல்லாம், கற்பூரமும் ஏதோ ஒரு காரமான இலைத் தைலமும் சேர்ந்து மூக்கின் உச்சியில் போய் நிற்கும் பண்டங்கள். மயிலாப்பூர்ப் பேருந்தில் ஏறினால் யாருக்கு இடுப்புப் பிடிப்பு, யாருக்குக் கழுத்துச் சுளுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். சபாக் கச்சேரிகளில் இரண்டு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் மூட்டுவலி நம்மோடு சேர்ந்து ஆலாபனை கேட்கும். அதை யாரும் தவறாக நினைத்ததில்லை. ஆனால் எனக்கு அந்த வாடை ஆபத்தாக இருந்தது.

ஏன் ஆபத்து என்று விளங்க, எங்கள் அறையை நீங்கள் பார்க்க வேண்டும். இயந்திரங்களுக்காகக் குளிரூட்டப்பட்ட நீண்ட கூடம், சன்னல்கள் திறப்பதில்லை. சுவர் முழுக்க ஆளுயரப் பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கு மேலும் ஒரு சிறு விளக்கு. அதன் முன் உயரமான நாற்காலிகளில் நாங்கள் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்போம். விளக்கு எரிந்தால் கயிற்றின் முனையை அந்தத் துளையில் செருக வேண்டும். நாங்கள் அதைக் 'குத்துவது' என்போம். ஒரு காதை மூடிய கேட்கும் கருவி, மார்பின் மேல் தொங்கி மோவாய்க்குக் கீழே வந்து நிற்கும் கொம்பு வடிவப் பேசும் கருவி, இவற்றைப் பூட்டிக்கொண்டால் எங்களுக்குப் பெயர் கிடையாது. சந்தாதாரரிடம் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். அந்த வழக்கம் மெல்ல அறையை விட்டு வெளியேயும் வந்துவிட்டது. கல்யாண வீடுகளில்கூட "அறுபத்தேழு வந்தாச்சா?" என்று கேட்டுக்கொள்வோம். நான் நாற்பத்திரண்டு. எனக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்தவள் முப்பத்தொன்று. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள் என்பதால் எனக்கு அவள் முப்பத்தொன்று அக்கா.

அக்காவுக்குச் சைதாப்பேட்டை. ஆற்றங்கரைப் பக்கம் வீடு. பலகையில் உட்கார்ந்துவிட்டால் அவள் ஆங்கிலம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருக்கும். டில்லி ஆபரேட்டர்கள் அவள் யாரோ பெரிய அதிகாரி வீட்டுப் பெண் என்று நினைத்திருந்தார்கள். கருவியைக் கழற்றி வைத்த மறுகணம் சைதாப்பேட்டைச் சந்தைக்குத் திரும்பிவிடுவாள். நான் மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துப் பக்கத்துச் சந்து ஒன்றிலிருந்து, வீட்டில் பேசும் பேச்சைத் தெருமுனையில் கழற்றி வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். என் பொதுத்தமிழைக் கேட்டு அவள், "ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரி பேசாத கண்ணு, பயமா கீது" என்று சொன்ன முதல் நாளே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

நான் அப்போது தகுதிகாண் காலத்தில் இருந்தேன். அதன் முடிவில் சூப்பர்வைசர் அம்மா எழுதும் அறிக்கையைப் பொறுத்துத்தான் வேலை நிரந்தரமாகும். வீட்டில் அப்பா இல்லை. ஜாம்ஷெட்பூரில் இருந்த அண்ணாவும் மன்னியும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். வேலை நிரந்தரமானால் நான் சென்னையில் இருக்கலாம். இல்லையென்றால் அண்ணா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று குடும்பத்தில் ஓர் ஏற்பாடு. அண்ணா நல்லவர். ஆனாலும் அந்த ஊரை நினைத்தால், யாரோ எனக்காகத் தைத்து வைத்திருந்த அளவு பொருந்தாத சட்டைக்குள் நுழையப்போவது போல எனக்கு மூச்சு முட்டும். மாதக் கடைசி நாளில் வாசகசாலைக்குப் போவது, கடற்கரை மணலில் தனியாகச் சற்று நடப்பது, என் பெயரில் ஒரு பேருந்துப் பாஸ் வைத்திருப்பது என்று சின்னச் சின்னதாக நான் சேர்த்திருந்த ஒரு வாழ்வு அந்த அறிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் குள்ளம். பலகையின் மேல்வரிசை எனக்கு எட்டாது. உட்கார்ந்தபடி தோளை இழுத்து எக்கிக் குத்த வேண்டும். எங்கள் பகுதியில் திருநெல்வேலிக்கான துளை மேல்வரிசையில் இருந்தது. மாதக்கணக்கில் எக்கியதில் தோள்மூட்டு வீங்கிவிட்டது. லஸ் பக்கத்தில் இருந்த எங்கள் குடும்ப மருத்துவர், மூட்டைச் சுற்றியிருக்கும் உறையில் அழற்சி என்றார். ஒரு களிம்பை எழுதிக் கொடுத்து, கையைத் தோளுக்கு மேல் தூக்கவே கூடாது, சில வாரம் ஓய்வு வேண்டும் என்றார். அம்மா அதைச் சாதகமாக எடுத்துக்கொண்டாள். "வேலையை விட்டுட்டு ஆத்தோட இருந்தா கை தானே சரியாப் போயிடும். பகவானே வழி காட்டறார்" என்றாள். பகவான் ஜாம்ஷெட்பூரைக் காட்டியதை நான் ஏற்கவில்லை.

தகுதிகாண் காலத்தில் வாரக்கணக்கில் விடுப்பு எடுக்க முடியாது. வலியை வெளியே சொல்லவும் முடியாது. எனக்கு முன்னால் ஒரு பெண், தோளில் களிம்பு மணக்க வேலைக்கு வந்தாள். சூப்பர்வைசர் அம்மாவுக்கு மூக்கு கூர்மை. விசாரித்து, முறைப்படி மருத்துவ அதிகாரியிடம் அனுப்பினார். அவர் 'பலகை வேலைக்குத் தகுதியில்லை' என்று எழுதிவிட, அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவேயில்லை. அதனால் நான் களிம்பை வீட்டுக்குத் திரும்பிய பிறகு மட்டும் தடவி, காலையில் சீயக்காய் தேய்த்துக் கழுவிவிட்டு வருவேன். பத்து மணிக்குள் தோள் கெஞ்ச ஆரம்பித்துவிடும். திருநெல்வேலி விளக்கு எரிந்தால் எழுந்து நின்று இடது கையால் குத்தினேன்.

அக்கா ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு நாள் தேநீர் இடைவேளையில் என்னை அலமாரிகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

"இன்னா நாப்பத்திரண்டு, கைக்கு இன்னா ஆச்சு? சும்மா கீதுன்னு சொல்லாத. கொடியேத்தற மாதிரி எழுந்து எழுந்து நின்னுகினு கீற."

சொல்லிவிட்டேன். ஜாம்ஷெட்பூர் உள்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் ரவிக்கைக் கையை விலக்கி வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதற்கு இரவு மருந்து போதாது, பகலிலும் தடவினால்தான் தாங்கும் என்றாள். வாடை வருமே என்றேன். அவள் சற்று யோசித்தாள். மறுநாள் காலை பணிக்கு வந்தபோது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். கூடம் முழுக்கக் களிம்பு மணம். பேருந்திலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்துவிட்டதாகவும், முழங்கால் வீங்கிவிட்டதாகவும், மருந்து தடவாமல் உட்கார முடியவில்லை என்றும் சூப்பர்வைசர் அம்மாவிடம் நேரே போய்ச் சொன்னாள். அவர் முகம் சுளித்தார்; ஆனால் ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஒன்றும் இல்லை. இருக்கையில் வந்து அமர்ந்த அக்கா, கருவியை மாட்டிக்கொள்ளும் முன் என் பக்கம் குனிந்து, "ஒக்காந்து செய்யற வேலைக்கு முட்டி எதுக்கு? தோளுன்னாதான் தூக்குவாங்க. இனிமே இந்த வரிசைல எவ்ளோ நாத்தம் வந்தாலும் அது என் முட்டிதான்" என்றாள்.

அப்படித்தான் என் வலிக்கு அவள் முழங்காலில் ஒரு முகவரி கிடைத்தது. காலையிலும் இடைவேளையிலும் அலமாரிகளுக்குப் பின்னால் எனக்குத் தடவிவிட்டு, பேருக்குத் தன் முழங்காலிலும் ஒரு தீற்று இழுத்துக்கொள்வாள். அது மட்டுமல்ல. திருநெல்வேலி விளக்கு எரிந்தால், அவள் தன் சந்தாதாரரோடு பேசிக்கொண்டே, என் முகத்துக்குக் குறுக்கே அந்த நீளமான கையை நீட்டி என் கயிற்றைக் குத்திவிடுவாள். பதிலுக்கு அவளுடைய கீழ்வரிசையை நான் பார்த்துக்கொண்டேன். இரண்டு பேர், மூன்று கை என்று அறை கணக்கிட்டது. நொண்டுவதில்தான் அவளுக்கு ஒழுங்கு இல்லை. காலையில் இடது கால், மாலையில் வலது கால். அறுபத்தேழு ஒரு முறை, "ஏண்டி, உன் முட்டி ஷிப்ட் மாத்திக்குதா?" என்று கேட்டுவிட்டாள். கருவிக்குள் சிரிப்பு போகக் கூடாதே என்று வரிசை முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டது.

அறிக்கை எழுதும் வாரம் வந்தது. அந்த வாரத்தில் சூப்பர்வைசர் அம்மா கண்ணாடித் தடுப்பறைக்குள் தன் கருவியோடு அமர்ந்து, எங்கள் பேச்சை ஒட்டுக் கேட்பார். யாரை எப்போது கேட்கிறார் என்று தெரியாது. நாங்கள் ஒரு தவறு செய்தது அந்த வாரத்தில்தான். பேருந்து தாமதமாகி இருவருமே ஓடி வந்தோம். அக்கா அவசரமாகத் தோளில் தடவி முடிக்கவும் பணி மணி அடித்தது. கையைத் தூக்கி மாட்டிக்கொள்ள என்னால் முடியாதென்று, துடைத்தும் துடைக்காத விரல்களாலேயே அவள் என் கருவியை எடுத்துப் பூட்டிவிட்டாள். கொம்பின் விளிம்பெல்லாம் களிம்பு. அது சரியாக என் மோவாய்க்குக் கீழே. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் காரம் நேராகக் கண்ணுக்கு ஏறியது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, கழற்ற வழியில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, தொண்டை கரகரக்க நான் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் திருநெல்வேலி விளக்கு எரிந்தது. அக்காவின் கை குறுக்கே வந்து குத்தியது. தியாகராய நகர்த் துணிக்கடை முதலாளி ஒருவருக்கு ஊரிலிருந்து அழைப்பு. அந்தக் காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஊரிலிருந்து டிரங்க் கால் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் விம்மி விம்மி, "ஐயா, திருநெல்வேலியிலிருந்து உங்களுக்கு" என்று தொடங்கினேன். மறுமுனையில் அவர் உடைந்துபோனார்.

"அம்மா போயிட்டாளா? சொல்லிருங்க தாயி. எதுன்னாலும் நீங்களே சொல்லிருங்க."

இல்லை ஐயா, இல்லை ஐயா என்று நான் சொல்லச் சொல்ல, என் குரலின் ஈரம் அவரை இன்னும் அழவைத்தது. இணைப்பைக் கொடுத்தேன். ஒரு முதிய பெண்குரல் கிணற்றடியில் கூப்பிடுவது போல உரக்க வந்தது: "ஏல, நாந்தாம்ல பேசுதேன். எதுக்குல அழுதுட்டு கெடக்க? பேரனுக்கு மொட்ட போட நாள் குறிச்சாச்சு, நீ எப்பம் வார?" பக்கத்து வீட்டுக்குப் புதிதாகத் தொலைபேசி வந்திருந்ததாம். தாய் பேசி முடிக்கும் வரை அந்தக் கடை முதலாளி அழுதுகொண்டே சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்ததும் என் எண்ணைக் கேட்டார். கேட்டால் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னேன்.

மறுநாள் காலை அவர் சூப்பர்வைசர் அம்மாவுக்குத் தொலைபேசியில் நன்றி சொல்லியிருக்கிறார். தன் தாய்க்காகக் கண்ணீர் விட்ட நாற்பத்திரண்டை அவர் குடும்பமே வாழ்த்துவதாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு நல்ல மனிதர் என்னை அதைவிடப் பெரிய சிக்கலில் மாட்டியிருக்க முடியாது. கண்ணாடி அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாமலேயே அக்காவும் எழுந்து, நொண்டிக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

பணியில் ஏன் அழுதாய் என்று சூப்பர்வைசர் அம்மா என்னைக் கேட்டார். பதில் அக்காவிடமிருந்து வந்தது. "யாரும் அழுவலம்மா. முட்டிக்குத் தடவுன கையோட இவ செட்ட நான் தொட்டுட்டேன். அந்தக் காரம் கண்ணுல ஏறிடிச்சி. தப்பு என்துதான்."

"முட்டி இப்ப எப்படி இருக்கு?"

"அப்டியேதாம்மா கீது."

"எந்த முட்டி?"

அக்கா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். "இடது" என்றாள்.

"திங்கக்கிழமை வலது."

"அது மாறி மாறி வருதும்மா" என்றாள் அக்கா, கண்ணை எடுக்காமல்.

சூப்பர்வைசர் அம்மா அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நாப்பத்திரண்டு, வலது கையைத் தூக்கு."

தூக்கினேன். தோள் உயரம் வரை வந்தது. இன்னும், என்றார். வரவில்லை. பல்லைக் கடித்து முயன்றேன். கை ஒரு விரற்கடைகூட மேலே ஏறவில்லை. ஜாம்ஷெட்பூர் ரயிலின் சன்னல் கம்பிகள் என் கண்ணெதிரே வந்துபோயின. கையைக் கீழே போடு என்று அவர் சொல்லும்வரை நேரம் போனதே தெரியவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இந்த ரூம்ல ஒக்காந்து நான் காதாலதான் பாக்கறேன். இந்த வாரம் பூரா ஒம் பலகையைக் கேட்டேன். திருநெல்வேலி ஒரு தடவைகூடக் காத்திருக்கல. பதில் சுருக்கமா இருக்கு, மரியாதையா இருக்கு. குத்தினது யார் கைன்னு காதுக்குத் தெரியாது. நான் கேட்டதைத்தான் எழுதுவேன்" என்றார். பிறகு, நாளையிலிருந்து நான், எண் தெரியாமல் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் விசாரணை மேசைக்குப் போக வேண்டும், கை முழுக்க ஏறும் வரை பலகைப் பக்கம் வரக் கூடாது என்றார். அக்காவிடம் திரும்பி, "நீ அந்தக் குழாயைத் தூக்கி எறி. எனக்கு மண்டையிடி தாங்கல" என்றார்.

முன்னால் போன பெண்ணுக்குக் காட்டாத இரக்கத்தை அவர் எனக்கு ஏன் காட்டினார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் முகம் அவர் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்ததோ, அல்லது அவளுக்குக் குறுக்கே கை நீட்ட ஒருவர் இல்லாமல் போனதுதான் வித்தியாசமோ, கேட்கும் துணிவு எனக்குக் கடைசிவரை வரவில்லை. விசாரணை மேசையில் கையை மேசைமேல் வைத்தபடியே பெயர்ப் புத்தகத்தைப் புரட்டிப் பதில் சொல்லலாம். ஐப்பசி மழை ஓய்வதற்குள் தோள் குணமாயிற்று. ஆற்றியது ஓய்வுதான், மருத்துவர் சொன்னது சரி. ஆனால் அந்த ஓய்வு வந்து சேரும் வரை என்னைத் தாங்கி நிறுத்தியது அந்தக் காரக் களிம்பும், அதைத் தடவிய கையும்.

இப்போது என் இரண்டு முழங்கால்களுக்கும் ஜெல் வாங்குகிறேன். லஸ் முனைக்கு அருகில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் மெல்லிசாகத் தடவினால் போதும் என்கிறார். குளிர்ச்சியாக இறங்குகிறது, சட்டென்று உலர்கிறது, வாடை என்று ஒன்று இல்லவே இல்லை. பலனும் அதிகம்தான், பழைய களிம்பு வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில்கூட அதைத் தடவிக்கொண்டு உட்காரலாம். எனக்கு வலிக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அன்று இது கையில் கிடைத்திருந்தால் யாருக்கும் தெரியாமல் தடவிக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்திருப்பேன். மேல்வரிசை மட்டும் எட்டாமலே இருந்திருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் துறையில் வேலை பார்த்தேன். இந்த வீடு, இந்தப் புத்தக அலமாரி, யாரையும் கேட்காமல் நான் எடுத்த முடிவுகள் எல்லாம் அந்த வேலையிலிருந்து வந்தவை. அக்கா போய்ச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவள் மகளிடம் இதையெல்லாம் ஒரு முறை சொன்னபோது, அம்மா இதைப் பற்றிப் பேசினதே இல்லையே என்று வியந்தாள்.

பணி நிரந்தர ஆணை ஒரு மாலையில் வந்தது. அக்காவின் பணி நேரம் முடிந்து அவள் கிளம்பிவிட்டிருந்தாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினேன். சாலையில் அவள் பேருந்து நிறுத்தத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள், இடது காலை இழுத்து இழுத்து. சூப்பர்வைசர் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்த பிறகும், களிம்பைத் தூக்கி எறிந்த பிறகும், இத்தனை வாரமாக அவள் நொண்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். விசாரணை மேசைக்குப் போய்விட்ட எனக்கு அது தெரியவில்லை. அவளை எட்டிப் பிடித்து, இன்னும் எதற்கு அக்கா இந்த நடிப்பு, யார் பார்க்கிறார்கள் என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

"பெரிய எடத்துல எப்போ இன்னா மாத்தி எழுதுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? ஆர்டர் வந்திச்சா?"

நீட்டினேன். வாங்கி, முத்திரையைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள். என் பெயரை அவள் முதன்முதலாக வாய்விட்டுப் படித்தாள். காகிதத்தை நான்காக மடித்து என் கையில் திணித்துவிட்டு, "பத்தரமா வெய்யி" என்றாள். அதற்குள் சைதாப்பேட்டைப் பேருந்து வந்து நின்று கிளம்பத் தொடங்கியிருந்தது. அக்கா புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களாலும் ஓடிப்போய் அதில் தொற்றி ஏறினாள்.